நிஷாந்தினிக்குக் காச்சல் இல்ல

என் நாத்தனா பெரியாயி பத்து வருசமா யாரையும் ஒரு செம்பு தண்ணி எடுத்துட்டு வான்னு சொன்னதில்ல. சோத்துக்கு ஒக்காந்த பெறகு உப்பு வேணும்னா அவளே எந்திரிச்சுப் போயி எடுத்துக்குவா. முழங்கால் வீங்கிக் கெடந்தப்பகூட சுவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் அடுப்படிக்குப் போனா. "இங்க நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன்ல, என்கிட்டச் சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சு போயிரும்?"னு ஏசுவேன். "இருக்கட்டும் மதினி"ம்பா. அதுக்கு மேல ஒரு வார்த்த வராது.

இப்ப நாங்க இருக்கிற வீட்டுத் திட்டத்துல ஆளுக்கொன்னு சொல்லுவாங்க. வீம்பு புடிச்சவள்னு ஒருத்தி சொல்லுவா. மகன் கொழும்புல கடையில நிக்கிறான், அந்தத் திமிருன்னு இன்னொருத்தி சொல்லுவா. ரெண்டும் இல்ல. ஏன்னு எனக்குத் தெரியும்.

என் பேரு அமராவதி. பெரியாயியோட அண்ணன் சின்னையாவக் கட்டுனவ. அவர் போயிச் சேந்து பதினாலு வருசமாச்சு, புள்ள குட்டி கெடையாது. என்னையப் பத்தி யாரக் கேட்டாலும் ஒன்னுதான் சொல்லுவாங்க, அமராவதி வாயில விழுந்தா எந்திரிக்க முடியாதுன்னு. கோயில் கணக்குல இடிக்குதுன்னு தலைவர் மூஞ்சிக்கு நேராச் சொன்னவ நான். கொழுந்து நிறுக்கையில தராசுல கை வெச்ச கணக்குப்புள்ள ஐயாவக் கைய எடுக்கச் சொன்னவ. மனசுல ஒன்னு வாயில ஒன்னு வெச்சுக்கத் தெரியாதவள்னு நானே என்னையப் பத்தி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது எம்புட்டுப் பெரிய பொய்யின்னு இதக் கேட்டு முடிக்கையில ஒங்களுக்கே தெரியும்.

மீரியபெத்தை மண்சரிவ எல்லாருக்கும் தெரியும். டீவியில காட்டுனாங்க, நாடு முழுக்க இருந்து அரிசி பருப்பு வந்துச்சு. அதுக்கு அடுத்த வருசம் ஐப்பசியில, ஹல்துமுல்லைக்கு மேல எங்க தோட்டத்து மேக்கணக்குல, மேல் பிரிவுல, ஒரே ஒரு லயம் மண்ணுக்குள்ள போச்சு. பன்னெண்டு காம்பரா, வரிசையா ஒட்டிக் கட்டுன ஒத்தையறை வீடுங்க. மத்தவங்கெல்லாம் வேலைக்குப் போயிட்டதால செத்தது நாலு பேரு. நாலு பேருன்னா பேப்பர்ல உள்பக்கத்துல சின்னதா ஒரு மூலை. அந்த நாலுல ஒன்னு பெரியாயி மக நிஷாந்தினி. பதினாறு வயசு.

பெரியாயிய இப்பப் பாக்கிறவங்களுக்கு அவ அப்ப எப்படி இருந்தான்னு சொன்னா நம்ப மாட்டாங்க. அந்த மேக்கணக்குலயே பொறந்தவ. அம்மாக்காரி படுத்த படுக்கையானதும் ஏழாம் வகுப்போட நிறுத்திட்டு வீட்டப் பாத்தா, பெறகு பேர் பதிஞ்சு கொழுந்துக்கு வந்தா. கை அப்படி ஓடும். சிரிச்சுக்கிட்டே எடுப்பா. தோட்டத்துத் தொரை மலையில நடக்கிற நடைய நடந்து காட்டுவா, நாங்க வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருவோம். அவளுக்கு இருந்த ஒரே கொற மறதி. கூடைய மறந்துட்டு மலைக்குப் போனவ அவ ஒருத்தியாத்தான் இருப்பா. காலையில அவ பேர் கூப்பிடுற பெரட்டுக்குக் கெளம்புனா பின்னாடியே ஒரு ஆள் எதையாச்சும் தூக்கிக்கிட்டு ஓடும். கல்யாணத்துக்கு முந்தி எங்க வீட்டுக்காரர் ஓடுனார். பெறகு புருசன் இராமையா ஓடுனார், மகன் துஷாந்த் ஓடுனான். அவன் கொழும்புக்குப் போனதும் நிஷாந்தினி. மேக்கணக்குல அது ஒரு சிரிப்பு. "பெரியாயி போயிட்டா, இப்ப சாமான் வரும் பாரு"ம்பாங்க.

இராமையா அண்ணன் பேக்டரியில வேல. வாயத் தொறந்து பேசினா வரி போட்டுருவாங்கன்னு நெனைக்கிற ஆள். மகள்னா மட்டும் உசுரு. அந்தப் புள்ளைக்கு அப்பன் கொணமும் இல்ல, ஆத்தா கொணமும் இல்ல, என் வாய்தான் வந்துச்சு. ஒரு வேல சொன்னா மூணு மொனகல் மொனகாம செய்ய மாட்டா. ஆனா மூணாவது மொனகல் முடியிறதுக்குள்ள வேல முடிஞ்சிருக்கும். வாரத்துல பாதி நாள் என் காம்பராவுலதான் படுக்கும். நான் பெறல, அவ்வளவுதான்.

அன்னைக்குச் சனிக்கிழம. எட்டு நாளா மழை விடல. இராமையா அண்ணன் ராத்திரி வேலைக்குப் போனவர் இன்னும் பேக்டரியில இருந்தார். நான் முழங்கால் வலின்னு வேலைக்குப் போகாம ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன். எங்க லயம் கீழ, அவங்க லயம் ஒரு அம்பது படி மேல. ஏழு மணிக்கு நிஷாந்தினி நனைஞ்சுக்கிட்டு ஓடி வந்தா. டியூசனுக்குப் போட்டுக்கிட்டுப் போற மஞ்சச் சட்ட. குட கவுந்து கம்பியெல்லாம் வெளிய.

"அத்த, ஒங்க படங்கு இருக்கா? அம்மா மறந்துட்டுப் போயிருச்சு. மேல ஏற முடியல, வழுக்குது."

படங்குன்னா, மழையில தேயிலைக்குள்ள எறங்கிறப்ப இடுப்பச் சுத்திக் கட்டுவோமே, அந்தச் சாக்கு. அது இல்லாம நனைஞ்ச செடிக்குள்ள போனா அர மணியில சீல ஒடம்போட ஒட்டிக்கும், காம்பு குத்தி வயிறு தொடையெல்லாம் கீறிரும். அத எடுக்கப் பெரியாயி திரும்பி வந்தாள்னா, பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சிரும், வீட்டுக்குப் போன்னு வெரட்டிருவாங்க. அதனால மகள அனுப்பியிருக்கா. நான் சும்மாதானே இருக்கேன், என் படங்க எடுத்துக் குடுத்தேன். ஓரத்துல செவப்பு நூல் போட்டு நானே தச்சது. ஒரு ரொட்டியும் குடுத்தேன். நின்னுக்கிட்டே தின்னா. தின்னுக்கிட்டே மொனகுனா. "இந்த அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒன்னையாச்சும் மறக்கலைன்னா தூக்கம் வராது அத்த. என்னையக் கட்டிக் குடுத்தாலும் புருசன் வீட்டுல இருந்து படங்கு தூக்கிக்கிட்டு ஓடி வரணும் போல."

நான் சிரிச்சேன். அவ படங்கத் தலையில போட்டுக்கிட்டு எறங்கிட்டா. ரெண்டு படி எறங்கிட்டா.

அப்பத்தான் நான் கூப்பிட்டேன். "அடியே, என் போன் ஒங்க வீட்டுல சார்ஜுல கெடக்குடி. எடுத்துக் குடுத்துட்டுப் போயிரு." என் காம்பராவுல கூர ஒழுகி கரண்டு போயி மூணு நாளாச்சு. முந்தின நாள் சாயந்தரம் அங்க குடுத்து வெச்சிருந்தேன். எனக்கு யாரு போன் எடுக்கப் போறா? ஒருத்தரும் இல்ல. ரொட்டி சுடையில பாட்டுக் கேக்கணும், அதுக்குத்தான்.

"பஸ்ஸு போயிரும் அத்த. படியும் வழுக்குது."

"ஓரமாப் புடிச்சு ஏறு. ரெண்டு நிமிசம்தான்டி."

என்னமோ மொனகிக்கிட்டே மேல ஏறுனா. நான் கல்லுல ரொட்டியத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் வேகுறதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு.

மூணாம் நாள்தான் எடுத்தாங்க. படங்கு மேலோட சுத்தியிருந்துச்சு. சேறு. இராமையா அண்ணன் அதப் போர்வைன்னு நெனச்சார். பெரியாயி தன்னோட படங்குன்னு நெனச்சா. அந்தச் செவப்பு நூல நான் மட்டும் பாத்தேன். பாத்துட்டு வாய மூடிக்கிட்டேன்.

எங்கள ஸ்கூல்ல தங்க வெச்சிருந்தாங்க. கிராம சேவகர் பைலத் தூக்கிக்கிட்டு வந்து ஒவ்வொருத்தராக் கேட்டு எழுதுனார். பெரியாயிகிட்ட, "எல்லாப் பிள்ளைகளும் டியூசன் போயிருக்கு, உங்க மகள் மட்டும் ஏன் வீட்டுல இருந்தா?"ன்னார். சாதாரணமாத்தான் கேட்டார். இராமையா அண்ணனும் திரும்பி அவளப் பாத்தார். பெரியாயி உதடு காஞ்சு கெடந்துச்சு. "காச்சல் ஐயா. படுத்திருந்துச்சு"ன்னா.

நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன். எனக்கு மூச்சு திரும்பி வந்துச்சு. வெக்கமில்லாமச் சொல்றேன், அந்த நேரத்துல எனக்கு நிம்மதியா இருந்துச்சு. காச்சல்ல படுத்திருந்தா படங்கு கெடையாது, போனும் கெடையாது. அவளுக்குன்னு சொன்ன பொய்யில நான் ஒளிஞ்சுக்கிட்டேன்.

அதுக்குப் பெறகு ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் குடுத்து எங்கள இங்க கொண்டு வந்து வெச்சாங்க. வருசா வருசம் ஐப்பசியில பொது மண்டபத்துல நாலு படத்தையும் வெச்சு வெளக்கு ஏத்துவோம். யாராச்சும் வெளியூர்க்காரங்க வருவாங்க, பெரியாயியப் பேசச் சொல்லுவாங்க. மொத வருசம் வெறும் காச்சல்தான். ரெண்டாம் வருசம் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தேன்னா. மூணாம் வருசம் நீலப் போர்வை வந்துச்சு. பெறகு நெத்தியில முத்தம் குடுத்துட்டுப் போனது, "சீக்கிரம் வந்துர்றேன் கண்ணு"ன்னு சொன்னது எல்லாம் வந்துச்சு. கேக்கிறவங்க கண்ணத் தொடச்சுக்குவாங்க. என்கிட்டயும் கேப்பாங்க. "ஆமா, ராத்திரியெல்லாம் அனலாக் கொதிச்சுச்சு"ன்னு நானும் என் பங்குக்குச் சேத்தேன். கேட்டுக் கேட்டு எனக்கே அந்தப் புள்ள படுத்திருக்கிற மாதிரிதான் ஞாபகம் வரும். வாயாடிப் புள்ள எங்கயோ போயிருச்சு. அந்த எடத்துல ஒரு சீக்குப் புள்ள சத்தமில்லாமப் படுத்திருந்துச்சு.

இராமையா அண்ணன் அதப் புடிச்சுக்கிட்டுத்தான் உசுரோட இருந்தார். "தூக்கத்துலயே போயிருச்சு. எம்புள்ளைக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காது"ன்னு சொல்லுவார். குடிச்சாலும் அதான், குடிக்காட்டியும் அதான்.

இந்த வருசம் சித்திரைக்குப் பெறகு பண்டாரவளையில இருந்து யசோதினின்னு ஒரு புள்ள வந்துச்சு. ஏதோ ஒரு அமைப்பு. ஞாயித்துக்கிழமையில பொம்பளைகள மண்டபத்துக்குக் கூப்பிட்டு ஒக்கார வெச்சு, அவங்கவங்க கதைய அவங்கவங்க சொல்லணும்னு சொல்லுச்சு. நம்மளப் பத்தி நாம சொல்லிக்கிற கதையிலதான் நாம குடியிருக்கோமாம். எங்க ஒழுகுதுன்னு பாத்தாத்தான் கூரையத் திருத்த முடியுமாம். "கத சொன்னா வயிறு நெறையுமா தங்கச்சி?"ன்னு கேட்டேன். "நெறையாது அத்தை, அதுக்குத்தான் பிஸ்கட் கொண்டு வந்திருக்கேன்"னு சொல்லிச் சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் எனக்கு அந்தப் புள்ளையப் புடிச்சுப் போச்சு.

நாலாவது ஞாயிறு பெரியாயி மொற. எப்பவும் சொல்றதச் சொன்னா. கொத்தமல்லி, போர்வை, முத்தம். யசோதினி ஒன்னும் எழுதாமக் கேட்டுக்கிட்டிருந்துச்சு. கடைசியில, "அன்னைக்கு நிஷாந்தினி என்ன உடுப்பு போட்டிருந்தாங்க அக்கா?"ன்னு கேட்டுச்சு. புள்ளைய மனசுல பாக்கட்டும்னு கேட்டதுதான், வேற ஒன்னும் இல்ல.

"மஞ்சச் சட்ட. டியூசனுக்குப் போட்டுக்கிட்டுப் போறது"ன்னா பெரியாயி.

சொல்லிட்டு நிறுத்திட்டா. எல்லாரும் கேட்டுட்டாங்க. காச்சல்ல படுத்திருந்த புள்ள டியூசன் சட்டையோட ஏன் படுத்திருக்கும்? யாரும் கேக்கல. ஆனா அவ அதுக்கு மேல தாங்கல. கோயில்கிட்ட ரோட்டு முடக்கு வரைக்கும் ரெண்டு பேரும் சேந்து வந்தது, படங்கு இல்லன்னு தெரிஞ்சது, புள்ள பஸ்ஸு போயிரும்னு சொன்னது, எல்லாத்தையும் கொட்டுனா. "எனக்கு அன்னைக்கு எங்க இருந்துதான் அம்புட்டுக் கோவம் வந்துச்சோ. ஒரு வேல சொன்னா செய்ய மாட்டியா, நீயெல்லாம் எதுக்கு எனக்கு மகள்னு கேட்டேன். ஒன்னும் பேசாமத் திரும்பிப் போனா. அதான் நான் அவகிட்டப் பேசின கடைசிப் பேச்சு. முத்தம் ஒன்னும் குடுக்கல. நான்தான் எம்புள்ளைய மண்ணுக்குள்ள அனுப்புனேன்."

மழைன்னு அவளக் கூட்டிட்டுப் போக இராமையா அண்ணன் குடையோட வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். அவர் வந்தத யாரும் கவனிக்கல.

"அப்ப அவ தூங்கலையா?"ன்னார்.

குடையச் சுவத்துல சாத்தி வெச்சுட்டு மழையிலயே போயிட்டார். மறுநாள் ஒரு பையோட பண்டாரவளைக்குத் தன் தங்கச்சி வீட்டுக்குப் போனவர்தான், திரும்பல. மரக்கறி லொறியில மூட்ட ஏத்துறார்னு பெறகு கேள்விப்பட்டோம். அடிக்கல, ஏசல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பெரியாயி வேலைக்குப் போறத நிறுத்திட்டா. "படங்கக் கையில எடுத்தா இடுப்புல கட்ட முடியல மதினி. காச்சல்னு சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன், அதனாலதான் இத்தன வருசம் கட்ட முடிஞ்சுச்சு"ன்னா. யசோதினி ரெண்டு மூணு தடவ வீட்டுக்கே வந்துச்சு. "ஒரு சாக்கு மலையத் தள்ளாது அக்கா. மழை பெஞ்சுச்சு, மண்ணு சரிஞ்சுச்சு"ன்னு பக்குவமா எடுத்துச் சொல்லுச்சு. பெரியாயி கேட்டுக்குவா, தலைய ஆட்டுவா. கடைசியில, "ஆனா நான் அனுப்புனேன்ல தங்கச்சி"ம்பா. அதத் தாண்டி அந்தப் புள்ளையால போக முடியல. எப்படி முடியும்? தாண்ட வேண்டிய விசயம் என்கிட்ட இருந்துச்சு.

நான் என்ன செஞ்சேன்? ஒன்னும் செய்யல. பக்கத்து வீட்டுக்காரியோட வேலிக்குச் சண்ட போட்டேன். பூனைய அடிச்சேன். இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது, போன உசுரு வருமான்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். சொல்லிட்டா அவ மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? அவள விட்டா எனக்கு யாரு இருக்கா? நெசம் இதான். பயம். ஊரையே ஏசுறவளுக்குள்ள இம்புட்டுப் பயம்.

ஆவணி மாசம் ஒரு மத்தியானம் பெரியாயி வீட்டுக்குப் போனேன். வாசல்ல இருந்தே பாத்தேன், அடுப்பு பத்தவே இல்ல. மகளோட பழைய டியூசன் நோட்டுக் கொப்பி ஒன்ன, துஷாந்த் கொழும்புக்குக் கொண்டு போனதால தப்பிச்சது, அத மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா. அவளோட ஏழாம் வகுப்புப் படிப்புக்கு அது வெளங்காது. எழுத்த விரலால தடவிக்கிட்டிருந்தா. எனக்கு அதுக்கு மேல நிக்க முடியல.

"அவ ஒன் படங்க எடுக்கப் போகலடி"ன்னேன்.

நிமிந்து பாத்தா.

"என் படங்கக் குடுத்தேன். செவப்பு நூல் போட்டது. வாங்கிக்கிட்டு ஒன்கிட்டத்தான் வந்துக்கிட்டிருந்தா. ரெண்டு படி எறங்கிட்டா. நான்தான் திரும்பக் கூப்பிட்டேன். என் போன எடுத்துட்டு வரச் சொல்லி மேல அனுப்புனேன். நீ இல்ல பெரியாயி. நான்."

அவ என்னைய அடிப்பான்னு நெனச்சேன். அடிக்கட்டும்னு கிட்டப் போயி நின்னேன். அவ அடிக்கல. கொப்பிய மூடி வெச்சுட்டு, "அப்ப ஒன்கிட்ட வந்தாளா?"ன்னு கேட்டா.

"வந்தா."

"என் மேல கோவமா இருந்தாளா?"

அந்த எடத்துல என் நாக்கு நுனியில ஒரு பொய் வந்து நின்னுச்சு. அம்மா பாவம்னு சொன்னா அத்தன்னு சொல்லிரலாம். அவளுக்கும் ஆறுதலா இருக்கும். ஆனா கொத்தமல்லித் தண்ணியும் முத்தமும் போதும்னு பட்டுச்சு.

"மொனகுனா. ஒரு நாளைக்கு ஒன்னையாச்சும் மறக்கலைன்னா அம்மாவுக்குத் தூக்கம் வராதுன்னா. புருசன் வீட்டுல இருந்தும் படங்கு தூக்கிக்கிட்டு ஓடி வரணும் போலன்னா."

பெரியாயி வாயப் பொத்திக்கிட்டா. அழுறாளோன்னு பாத்தா சிரிப்பு. கண்ணுல தண்ணி ஊத்துது, வாய் சிரிக்குது. "அவதான். அவ அப்படித்தான் பேசுவா"ன்னா. "புருசன் வீட்டுல இருந்தா? அப்படியா சொன்னா?" திரும்பச் சொல்லச் சொன்னா. சொன்னேன். இன்னொரு தடவ கேட்டா. ரொட்டி சூடா இருந்துச்சான்னு கேட்டா. முழுசும் தின்னாளான்னு கேட்டா. தல நனைஞ்சிருந்துச்சா, தொடச்சு விட்டியான்னு கேட்டா. நான் தொடச்சு விடல, அதையும் சொன்னேன். பத்து வருசத்துக்குப் பெறகு அந்தப் புள்ள எந்திரிச்சு வந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு வாயாடுச்சு.

பெறகு சிரிப்பு நின்னு போச்சு.

"பத்து வருசம் மதினி. அவ கடைசியாப் பேசினத நீ ஒன் வாய்க்குள்ளயே வெச்சிருந்திருக்க. நான் இல்லாத புள்ளைக்குக் கொத்தமல்லி அவிச்சுக்கிட்டிருந்தேன், நீ பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்த."

போன எடுக்க அனுப்புனது ஒரு நிமிசத்து வேல. வாய மூடிக்கிட்டிருந்தது பத்து வருசத்து வேல. அவ எந்திரிச்சு என்னைய வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டுக் கதவச் சாத்துனா. அடிச்சுச் சாத்தல, மெதுவாத்தான் சாத்துனா. ஐப்பசி வரைக்கும் என்னோட பேசல. வேலியில எதிரெதிர நின்னாலும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவா. மறுபடி வேலைக்குப் போக ஆரம்பிச்சா, படங்கு கட்டிக்கிட்டு. அத மட்டும் நான் ஜன்னல் வழியாப் பாத்துக்குவேன்.

இந்த வருசம் பத்தாவது வருசம்னு மண்டபத்துல கொஞ்சம் கூட்டம். யசோதினி வந்திருந்துச்சு. இராமையா அண்ணனும் வந்தார். ஆள் பாதியாப் போயிருந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால செவுத்துல சாஞ்சு நின்னார், கதிரை குடுத்தாலும் ஒக்காரல.

பெரியாயி பேச எந்திரிச்சா. காச்சல் வரல. மஞ்சச் சட்ட வந்துச்சு, படங்கு வந்துச்சு, எதுக்கு எனக்கு மகள்னு அவ கேட்ட அந்தக் கேள்வி வந்துச்சு, ஒளிக்காமச் சொன்னா. "எங்க மதினி வீட்டுல நின்னு ரொட்டி தின்னா. தின்னுக்கிட்டே என்னைய ஏசினா"ன்னு சொல்லி, புருசன் வீட்டுப் பேச்ச நிஷாந்தினி கொரல்லயே சொல்லிக் காட்டுனா. தொரை மாதிரி நடந்து காட்டுன பெரியாயி. சனம் சிரிச்சுச்சு. சிரிச்சுட்டு மூக்கச் சிந்துச்சு. "ரொட்டி முழுசும் தின்னா. படங்க வாங்கிக்கிட்டா"ன்னா. சொல்லிட்டு வந்து ஒக்காந்துட்டா.

அவ்வளவுதான். போன் வரல. நான் அந்த வார்த்தைக்காக சீலத் தலப்பக் கையில சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்கேன். வரல. எனக்குத் தாங்கல. எந்திரிச்சு அவ பக்கத்துல போயி, "ஏன்டி பாதியில நிறுத்திட்ட? மிச்சத்தையும் சொல்லிரு"ன்னேன்.

ரெண்டு மாசத்துக்குப் பெறகு மொத மொதலா என் மூஞ்சியப் பாத்தா. "அது ஒன்னோடது மதினி. அத நான் சொல்ல மாட்டேன்"னா.

மைக்கப் புடிச்சேன். சனத்தப் பாக்கல, இராமையா அண்ணனப் பாத்துத்தான் சொன்னேன். புள்ள படங்க வாங்கிக்கிட்டு எறங்கிருச்சு. நான்தான் கூப்பிட்டேன். பஸ்ஸு போயிரும்னு சொல்லுச்சு, படி வழுக்குதுன்னு சொல்லுச்சு, நான் கேக்கல. பாட்டுக் கேக்கணும்னு ஒரு போனுக்காக அனுப்புனேன். மூணாம் நாள் படங்கப் பாத்துட்டும் வாயத் தொறக்கல. சொல்லிட்டு மைக்க எங்க வெக்கிறதுன்னு தெரியாம அப்படியே நின்னேன்.

"எறங்கிட்டாளா தங்கச்சி?"ன்னார் இராமையா அண்ணன். "நடந்துட்டாளா?"

"நடந்துட்டா அண்ணே. ரெண்டு படி."

அவர் செவுத்தோட சரிஞ்சு தரையில ஒக்காந்துட்டார். அந்த மனுசன் மக சாவுலகூட சத்தம் போட்டு அழுதவர் இல்ல. அன்னைக்கு அழுதார். பெரியாயி எந்திரிச்சுப் போயி அவர் பக்கத்துல தரையில ஒக்காந்து முதுகத் தடவுனா. அவருக்கு விக்கல் எடுத்து மூச்சு முட்டுச்சு. அவ தலையத் தூக்கி அங்கயும் இங்கயும் பாத்தா, பெறகு என்னையப் பாத்தா.

"மதினி, ஓடிப் போயி ஒரு செம்பு தண்ணி எடுத்துட்டு வா."

குழாய் மண்டபத்துக்குப் பின்னால, படி எறங்கிப் போகணும். மழை தூறிக்கிட்டிருந்துச்சு. என் முழங்கால் படிக்கு ஆகாது. செம்பத் தூக்கிக்கிட்டு ஓடுனேன், சீக்கிரம் திரும்பி வந்துரணும்னு ஓடுனேன்.